தூர்னோன் ஏறிய கப்பல்

வேம்பாறு தொடங்கித் தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று தெற்கே நீளும் முத்துக்குளித்துறை ஊர்களின் இளையோருக்கும், ஊர்க்கமிட்டிப் பெரியவர்களுக்கும், திருவிழா வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்யும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

கொஞ்ச காலமாக நம் ஊர்களில் இரண்டு பேச்சு கேட்கிறது. கொடிமரமும் சப்பரமும் தாலியும் மஞ்சள் நீராட்டும் பைபிளில் எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் தூக்கி எறிந்தால்தான் நீங்கள் உண்மையான கிறிஸ்தவர் என்கிறது ஒரு பேச்சு. பர்னாந்து என்றும் கோமஸ் என்றும் பெயர் வைத்துக்கொண்டு எப்படித் தமிழன் என்கிறாய், உன் சாமியே கப்பலில் வந்ததுதானே என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தம்பி தங்கைகள் பதில் தெரியாமல் தவிப்பதைப் பார்க்கிறேன். சிலர் முதல் பேச்சை நம்பி வீட்டிலுள்ள மாதா படத்தைக் கழற்றுகிறார்கள். வேறு சிலர் இரண்டாவதற்குப் பதிலடியாக, பழக்கம் என்று எது வந்தாலும் அதைத் தொடவே கூடாது என்கிறார்கள்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரி வரை போன வழக்கு இது. அந்த வழக்கில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து நின்றவர்கள் சீனத்துக் கிறிஸ்தவர்கள். இரண்டு நாட்டுக்கும் தீர்ப்புச் சொல்ல ஒரே ஆள் வந்தார். ஒரே கப்பல் பயணத்தில் இங்கே தீர்ப்பெழுதிவிட்டு அங்கே போனார். நம்மில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அது தெரியாமல் தேரை நிறுத்துவதா ஓட்டுவதா என்று நாம் முடிவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

சவேரியாரிடமிருந்து தொடங்குகிறேன். 1542இல் அவர் இந்தக் கரைக்கு வந்தபோது நம் முன்னோர் திருமுழுக்குப் பெற்று ஐந்தாறு ஆண்டுதான் ஆகியிருந்தது. முத்துச் சலாபம் யார் கையில் என்ற சண்டையில் போர்ச்சுக்கீசியர் துணையைத் தேடிக் கொச்சிக்குப் போனார்கள். 1535க்கும் 1537க்கும் இடையில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். இதை யாரும் நமக்கு ரகசியம்போல் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, நாமே சொல்லலாம். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். முத்தும் சங்கும் கடலும் அவர்கள் கைக்குப் போயின. தங்கள் புராட்டஸ்டண்ட் சபைக்கு நம் மக்களை இழுக்க அவர்கள் முயன்றும் பார்த்தார்கள். வியாபாரத்துக்காக மட்டும் மாறிய கூட்டமாக இருந்திருந்தால் அன்றைக்கே இன்னொரு முறை மாறியிருக்கும். மாறவில்லை. வந்த காரணம் ஒன்று, நிலைத்த காரணம் வேறு.

சவேரியார் தமிழும் போர்ச்சுக்கீசியமும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்து மந்திரங்களைத் தமிழில் எழுதி வாங்கினார். அவற்றை மனப்பாடம் செய்து, மணியடித்துத் தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் சிலைகளை உடைத்ததை மகிழ்ச்சியோடு எழுதியவரும் அவர்தான். இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த நம்பிக்கைகளை அவர் பொறுமையோடு பார்க்கவில்லை. அவரை நேசிக்கும் நாம் இதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் 1549இல் ஜப்பானுக்குப் போனபின் அவரிடம் மாற்றம் தெரிகிறது. கிழிந்த அங்கியை அங்கே யாரும் மதிக்கவில்லை. யமகுச்சிப் பிரபுவை இரண்டாம் முறை சந்தித்தபோது பட்டுடுத்திக்கொண்டு போனார். மதம் மாறிய ஜப்பானியர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: எங்கள் அப்பா, அம்மா, பாட்டன்மார் எல்லாம் நரகத்தில்தானா? மீட்க வழியில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு அவர்கள் அழுததையும், அதைப் பார்த்துத் தமக்கும் துக்கம் வந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். உங்கள் வேதம் உண்மையானால் சீனர்களுக்கு ஏன் தெரியவில்லை என்றும் கேட்டார்கள். அதனால்தான் அவர் பார்வை சீனாவின் பக்கம் திரும்பியது. 1552 டிசம்பர் 3 அன்று, சீனக் கரை தெரியும் சாங்சுவான் தீவில், பெருநிலத்தில் காலெடுத்து வைக்காமலே இறந்துபோனார். மணப்பாட்டுக் குகையில் செபித்த மனிதரின் கடைசி ஆசை சீனா. முன்னோரை என்ன செய்வது என்று அவரைக் கலங்கவைத்த அந்தக் கேள்விதான் பின்னால் வழக்காக மாறியது.

அதற்கு முன்பும் இந்தக் கடலுக்குச் சீனத்தோடு போக்குவரத்து இருந்தது. மார்க்கோ போலோ எழுதிய காயல் துறை நம் பழையகாயல் பக்கம்தான். சீனத்தில் முதல் கத்தோலிக்கப் பேராயராக இருந்த மொந்தேகொர்வினோ யோவான், அங்கே போகுமுன் பதின்மூன்று மாதம் சோழமண்டலக் கரையில், புனித தோமாவின் ஆலயம் இருந்த நாட்டில் தங்கினார். கூட வந்த தோழரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத்தான் கப்பலேறினார். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பி 1281இல் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். அதே ஊரில் தாமரை மேல் சிலுவை நிற்கும் கிறிஸ்தவக் கல்லறைக் கற்களும் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் செதுக்கியவர்களுக்குத் தாமரை புறமதச் சின்னமாகப் படவில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன்.

மக்காவுவில் ஞானஸ்நானம் பெற்ற சீனர் போர்ச்சுக்கீசியப் பெயர் வைத்து, அவர்களைப்போல் உடுத்தி, அவர்கள் முறைப்படி வாழ வேண்டும் என்று பாதிரிமார் எதிர்பார்த்தார்கள். நம் கரையிலும் அதே கதை. நம் குடும்பப் பெயர்கள் அப்படி வந்தவைதான். ஆனால் இங்கே பெயர் மாறியதே தவிர ஊர் மாறவில்லை. சாதித்தலைவரும் ஊர்க்கூட்டமும் அப்படியே இருந்தார்கள். செபம் தமிழிலேயே நடந்தது. அன்ரீக்கே அடிகளார் தமிழ் கற்று எழுதிய ‘தம்பிரான் வணக்கம்’ நம் பரதவரின் பண உதவியோடு 1578இல் கொல்லத்தில் அச்சானது. சீனத்தில் அதற்கு இணையான முதல் நூலை ருஜ்ஜியேரி அடிகளார் 1584இல்தான் வெளியிட்டார். வேதத்தைச் சொந்த மொழியில் அச்சில் வாசிக்கும் பேறு நமக்குச் சீனரைவிட ஆறு ஆண்டு முன்னதாகக் கிடைத்தது. அதற்குக் காசு கொடுத்தவர்கள் கடலில் மூழ்கி முத்தெடுத்த நம் மக்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா?

மக்காவு முறை உள்நாட்டில் எடுபடாது என்று கண்டவர் இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி. கோவாவில் படித்து, 1580இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்று, சீனா சென்றவர் அவர். முதலில் புத்த பிக்குவைப்போல் உடுத்தினார். 1595இல் அதைக் களைந்து, கன்பூசிய அறிஞரின் நீண்ட அங்கியை அணிந்தார். சூ குவாங்சி என்ற பேரறிஞரோடு சேர்ந்து யூக்ளிட்டின் கணித நூலைச் சீனத்தில் கொண்டுவந்தார். சீனர் தங்கள் வீட்டில் முன்னோர் பெயர் எழுதிய பலகைக்கு முன் ஊதுபத்தி ஏற்றி வணங்குவது தெய்வ வழிபாடல்ல, பெற்றோருக்குச் செய்யும் மரியாதை என்று அவர் தீர்மானித்தார். கிறிஸ்தவரானாலும் அதைத் தொடரலாம் என்றார்.

இங்கே அதே சபைக் குரு தெ நொபிலி நம் கரையில் தமிழ் படித்துவிட்டு 1606இல் மதுரை போனார். அங்கே உயர்சாதியினர் கிறிஸ்தவத்தைப் பரங்கியர் சங்கதி என்று ஒதுக்குவதைப் பார்த்து, காவி உடுத்தி, புலால் தவிர்த்து, தத்துவ போதகர் ஆனார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் குலத்தையும் அந்தஸ்தையும் காட்டும் அடையாளங்கள்தான் என்று வாதாடினார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் பேசினார்.

அதோடு சண்டை ஓயவில்லை. மற்றத் துறவு சபையினர் எதிர்த்தார்கள். சீனத்தின் ஃபூஜியனில் திருச்சபைப் பொறுப்பில் இருந்த மேக்ரோ என்பவர் 1693இல் முன்னோர் சடங்குகளைத் தடை செய்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பேரரசர் காங்ஷி கிறிஸ்தவர்கள் தடையின்றி வழிபடலாம் என்று ஆணையிட்டிருந்தார்.

பாப்பரசர் பதினோராம் கிளமெண்ட் தம் தூதராகத் தூர்னோனை அனுப்பினார். சீனா போகும் வழியில் 1703 நவம்பரில் அவர் புதுச்சேரியில் இறங்கினார். உடம்புக்கு முடியவில்லை. எட்டு மாதமும் புதுச்சேரியிலேயே கழிந்தது. மதுரையையோ உள்நாட்டுக் கிறிஸ்தவ ஊர்களையோ அவர் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டு இயேசு சபைக் குருக்களிடம் கேட்டறிந்ததை வைத்து 1704 ஜூனில் ஆணை எழுதினார். கப்பலேறுவதற்குச் சில நாள் முன்புதான் அதை வெளியிட்டார். மறுப்புச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

மதுரை, மைசூர், கருநாடக மிஷன்களுக்கான அந்த ஆணையில் இருந்ததைக் கேளுங்கள். ஞானஸ்நானத்தில் குருவின் எச்சில் தொட்டுப் பூசும் சடங்கை, தமிழருக்கு அருவருப்பு என்று விட்டுவிடக்கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. சிலுவையோ மாதாவோ பொறித்துக்கொள்ளலாம். 108 இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக்கூடாது. பெண் பெரியவளானால் ஊர் கூட்டிக் கொண்டாடக்கூடாது. மாதவிலக்கு என்று சொல்லி ஒரு பெண்ணை ஆலயத்தை விட்டு வெளியே நிறுத்தக்கூடாது. திருநீறு கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோயில்களில் வாசிக்கக்கூடாது. நம் வீட்டுப் பெண்கள் கழுத்தில் சிலுவைத் தாலி வந்த பாதையில் புதுச்சேரியில் எழுதிய அந்தக் காகிதமும் இருக்கிறது.

இங்கிருந்து போனவர் 1705 கடைசியில் பீஜிங்கில் காங்ஷியைச் சந்தித்தார். பேரரசருக்கு முதலில் மரியாதை இருந்தது. ஆனால் சீனச் சடங்குகளை எதிர்த்த மேக்ரோவை வரவழைத்து, அரியணைக்கு மேல் எழுதியிருந்த நான்கு எழுத்துக்களைப் படிக்கச் சொன்னபோது அவரால் சரியாகப் படிக்க முடியவில்லை. எங்கள் நூல்களைப் படிக்கத் தெரியாதவர் எங்கள் சடங்குக்குத் தீர்ப்புச் சொல்வதா என்று காங்ஷி கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ரிச்சியின் முறையைப் பின்பற்றுவேன் என்று உறுதியளிக்கும் பாதிரிகள் மட்டும் இருக்கலாம் என்றார். தூர்னோன் 1707இல் நான்கிங்கில் எதிர் ஆணை போட்டார். மக்காவுவில் காவலில் வைக்கப்பட்டு 1710இல் அங்கேயே இறந்தார்.

பின் 1742இல் சீனச் சடங்குகளையும், 1744இல் மலபார்ச் சடங்குகள் என்று ஐரோப்பியர் பெயரிட்ட நம் தமிழ்ச் சடங்குகளையும் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் முடிவாகத் தடுத்தார். குருக்கள் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. சீனத்தில் 1724இலேயே பேரரசர் யோங்ஜெங் கிறிஸ்தவத்தைத் தடை செய்துவிட்டார். பெற்றோரை மதிக்காத மதம் என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. அபினி யுத்தத்துக்குப் பின் வந்த ஒப்பந்தங்களின் பலத்தில், அந்நியப் பீரங்கியின் நிழலில் பாதிரிகள் திரும்ப நுழைந்தபோது அந்தப் பெயர் இன்னும் கறுத்தது. 1900 பாக்சர் கலகத்தில் ஆயிரக்கணக்கான சீனக் கிறிஸ்தவர்கள் சொந்த ஊர்க்காரர்களாலேயே வெட்டப்பட்டார்கள்.

1939 டிசம்பரில் ரோமாபுரி தீர்ப்பை மாற்றியது. கன்பூசியஸுக்கும் முன்னோருக்கும் செய்வது சமூக மரியாதை, கிறிஸ்தவர் அதில் பங்கு பெறலாம் என்றது. மறு ஆண்டு நம் நாட்டுக் குருக்களையும் அந்தச் சத்தியத்திலிருந்து விடுவித்தது. ரிச்சி சொன்னதை ஒப்புக்கொள்ள முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1971இல் தைவானில் கர்தினால் யூ பின் சந்திரப் புத்தாண்டில் முன்னோர் வணக்கத்தைத் தாமே முன்னின்று நடத்தினார். நவம்பர் 2 அன்று கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றும் நாமும், ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங் நாளில் கல்லறை துப்புரவாக்கும் சீனக் கத்தோலிக்கரும் செய்வது ஒரே காரியம். அதைக் குற்றம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்; அமைதியாகச் சொல்லுங்கள், அவர்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு.

இவ்வளவு சொன்னபின், நான் எழுத வந்ததிலேயே கடினமான இடத்துக்கு வருகிறேன்.

தூர்னோன் ஆணையில் இன்னொரு கட்டளையும் இருந்தது. சாகக் கிடக்கும் பறையர் குலத்து நோயாளியின் வீட்டுக்குள் குருவானவர் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே தூக்கி வரச் சொல்லக்கூடாது. நம் மரபைப் புரியாத அந்த மனிதர் இந்த ஒரு விஷயத்தில் மரபைப் புரிந்தவர்களைவிடச் சரியாக இருந்தார். தெ நொபிலி வழி வந்தவர்கள் பூணூலையும் காவியையும் ஏற்றபோது கூடவே தீண்டாமையையும் ஏற்றுக்கொண்டார்கள். உயர்சாதிக்குச் சந்நியாசிக் குரு, மற்றவருக்குப் பண்டாரசாமி என்று பிரித்தார்கள். 1744 ஆணையும் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டைத்தான் ஏற்றது. சீனத்து வழக்கில் கேள்வி முன்னோர் பலகையைப் பற்றியது. பலகைக்கு முன் ஒருவர் குனிந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு எந்த நஷ்டமும் இல்லை. இங்கே வழக்கத்தின் பெயரில் உயிருள்ள மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பண்பாடு என்று பெயர் வைத்தது பெரிய அநீதி.

அது பழங்கதை என்று சொல்லாதீர்கள். வடக்கன்குளத்தில் 1872இல் இரண்டு சாதிகளுக்குத் தனித்தனி இறக்கை வைத்து மாதா கோயில் கட்டினார்கள். பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டபோது ஒரு தரப்பு நீதிமன்றம் போனது. பிரிவினை தொடர வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1917இல் மறுத்தது. சுவர் போனபின்னும் தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் பங்குகள் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். இறந்தபின்னும் பிரிக்கும் வழக்கத்தைக் காக்க ரிச்சியின் பெயரையோ தெ நொபிலியின் பெயரையோ யாரும் இழுக்கக்கூடாது.

பெருமைப்படவும் ஒன்று இருக்கிறது. சீனத்தில் வேலை செய்த வின்சென்ட் லெப் என்ற பெல்ஜியக் குரு, சீனத்துக்குச் சீன ஆயர்கள் வேண்டும் என்று விடாமல் போராடினார். 1919இல் பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ட், மண்ணின் மைந்தரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று திருமடல் எழுதியதில் அந்தப் போராட்டத்துக்கும் பங்குண்டு. 1926 அக்டோபரில் ஆறு சீனக் குருக்கள் ரோமில் ஆயர்களானார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1923இல், தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, இந்தக் கரையின் மகன் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். இலத்தீன் முறையில் மறைமாவட்டம் ஒன்றை ஆண்ட முதல் இந்தியர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். சீனத்தில் கேட்ட கேள்விக்கு முதலில் விடை கண்ட கரைகளில் ஒன்று நம்முடையது.

இன்றைய சீனத்தையும் பாருங்கள். 2014 முதல் ஜெஜியாங் மாகாணத்தில் ஆலயக் கோபுரங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலுவைகளை அரசு இறக்கியது. மதங்களெல்லாம் சீனமயமாக வேண்டும் என்று கட்டளையிடுகிறது. சூ குவாங்சி தன் விருப்பத்தால் சீனராகவும் கிறிஸ்தவராகவும் வாழ்ந்தார்; இன்று அதையே ஓர் அலுவலகம் சுற்றறிக்கை போட்டுக் கேட்கிறது. ஆயர் நியமனம் பற்றி வத்திக்கான் 2018இல் செய்த தற்காலிக ஒப்பந்தம் 2024இல் நான்காண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதனால் நன்மையா தீமையா என்று அந்நாட்டு விசுவாசிகளே இரண்டுபட்டு நிற்கிறார்கள். எங்கள் பண்பாட்டுக்கு அடங்கு என்று அதிகாரம் சொல்லும்போது அது பண்பாட்டைப் பற்றிய பேச்சாக இருப்பதில்லை. உன் பெயரை மாற்று, உன் சாமி வெளிநாட்டுச் சாமி என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கும் இதுதான் பதில். 1806 முதல் பனிமய மாதாவின் தங்கத் தேர் தூத்துக்குடித் தெருவில் வந்துகொண்டிருக்கிறது. அதை ஓட்டச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. வடம் பிடிப்பவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

ஆகவே ஊர்க்கமிட்டிகளிடம் கேட்கிறேன். தேரையும் கொடிமரத்தையும் தாலியையும் விட வேண்டாம். அவற்றுக்காக யாரிடமும் கூச்சப்படவும் வேண்டாம். ஆனால் எந்த வழக்கம் யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஊர் ஊராக உட்கார்ந்து பாருங்கள். ஊர் வரிக் கணக்கில் பெயர் இல்லாத குடும்பத்துக்குத் திருவிழா உபயத்தில் இடம் உண்டா? பிழைக்க வந்து பத்திருபது ஆண்டாக நம்மோடு பூசை காணும் வேறு சாதிக் குடும்பத்துக்கு நம் கல்லறைத் தோட்டத்தில் மண் உண்டா? கமிட்டியில் பெண்கள் எத்தனை பேர்? மாதவிலக்கைக் காட்டிப் பெண்ணை வெளியே நிறுத்தாதே என்று 1704இல் ஓர் இத்தாலியர் சொல்ல வேண்டியிருந்தது. இன்று அதை நம் ஊர்ப் பெண்களே கமிட்டியில் உட்கார்ந்து சொல்லட்டும்.

இளையோரிடம் ஒரு வேலை. உங்கள் ஊர் உபதேசியார்களும் பாட்டிமார்களும் நினைவில் வைத்திருக்கும் செபங்களையும் கல்யாண, சாவுச் சடங்குகளையும் போனில் பதிவு செய்யுங்கள். எந்த ஊரில் எப்படி, யார் செய்வார்கள், யார் செய்யக்கூடாது என்பதையும் விடாமல் எழுதி வையுங்கள். தூர்னோன் எட்டு மாதத்தில் கேட்காமல் போனதை நீங்கள் கேளுங்கள்.

பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26 அன்று கொடி ஏறுகிறது. அதற்குமுன் கூடும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பதற்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தையும் உபயத்தையும் பேச எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு எதுவானாலும் ஊர்ப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
தூத்துக்குடி